20 கிலோ மாடல் ஜெட், 300 கி.மீ வேகம்... உடைவது எங்கே? பலப்படுத்துவது எப்படி?

பார்க்க பொம்மை மாதிரிதான் இருக்கும். ஆனால் பக்கத்தில் போய் நின்றால் வேற மாதிரி. இந்திய விமானப்படையின் சூர்யகிரண் அணி சாகசம் காட்டும் ஹாக் விமானத்தை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினாலே சுமார் 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் வந்துவிடும். உள்ளே நிஜ டர்பைன் இன்ஜின். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றை ஒட்டிச் சுழலும். தொட்டியில் சில லிட்டர் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். விமானி மட்டும் உள்ளே இல்லை. அவர் ரன்வே ஓரத்தில் ரிமோட்டோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

20 கிலோ எடையில் மணிக்கு 300 கி.மீ வேகத்தில் போகும் இப்படி ஒரு மாடல் ஜெட் சுமக்கும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 1 டன் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 42 கி.மீ வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ, அவ்வளவு. கூடவே எரிபொருளும் இருக்கிறது. அதனால் இதில் ஒரு இறக்கையோ, வால் பகுதியோ நடுவானில் உடைந்தால் போவது சில லட்சம் ரூபாய் மட்டுமல்ல. கட்டுப்பாடு போன பிறகு அது எங்கே விழும் என்பது யார் கையிலும் இல்லை.

இப்படிப்பட்ட மாடல்களில் எந்த இடம் பலவீனம்? அதை எப்படிப் பலப்படுத்துகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

எடை 20 கிலோ... இறக்கை சுமப்பது 220 கிலோ!

தரையில் நிற்கும்போது 20 கிலோ. நேராகப் பறக்கும்போதும் இறக்கைகள் சுமப்பது அதே 20 கிலோதான். கதை மாறுவது வளையும்போது.

மணிக்கு 250 கி.மீ வேகத்தில் கீழ்நோக்கிப் பாய்ந்து வரும் மாடலை, விமானி மேல்நோக்கித் திருப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வளைவின் ஆரம் 100 மீட்டர் என்றால், வளைவின் அடிப்பகுதியில் இறக்கைகள் தாங்க வேண்டியது விமான எடையைப் போல சுமார் 6 மடங்கு, அதாவது 120 கிலோ. தரை கிட்டே வந்துவிட்டதே என்ற பதற்றத்தில் ஸ்டிக்கை வேகமாக இழுத்து, ஆரம் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டால்? சுமார் 11 மடங்கு. 220 கிலோ. விரல் நுனியில் நடக்கும் ஒரு சின்ன அசைவுதான். அதில் இறக்கையின் அடிப்பகுதிக்கு மேலும் 100 கிலோ ஏறிவிடுகிறது.

சின்ன தெர்மாகோல் விமானம் தலைகுப்புற விழுந்தாலும் டேப் ஒட்டி மறுபடி பறக்கவிடலாம். அதே டிசைனைப் பெரிதாக்கினால் அந்தக் கதை எடுபடாது. நீள, அகல, உயரங்களை இரட்டிப்பாக்கினால் பாகங்களின் குறுக்குப் பரப்பு 4 மடங்குதான் கூடும். எடையோ 8 மடங்காகிவிடும். பளுவைத் தாங்கும் பரப்பைவிட பளு வேகமாக வளர்கிறது. பெரிய மாடல்களில் பலவீனமான இடங்கள் தலைகாட்டுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது பாடம்

பள்ளிக்கூடப் பை எங்கே கிழியும்? வார் நடுவில் அறுந்து பார்த்திருக்க மாட்டோம். பையின் துணியும் பாழாகாது. வாரும் பையும் சேரும் அந்தத் தையலில்தான் பிய்த்துக்கொள்ளும். விவரமான தையல்காரர் என்ன செய்வார்? வாரை இன்னும் தடியாக மாற்ற மாட்டார். பிய்ந்த இடத்துக்கு உள்பக்கம் அகலமாக ஒரு துண்டுத் துணி வைத்து, சதுரமாகவும் குறுக்காகவும் தைத்துவிடுவார். ஒரே கோட்டில் விழுந்த பளு, உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடும்.

மாடல் ஜெட்டைப் பலப்படுத்தும் வேலையும் கிட்டத்தட்ட இதேதான். பளு ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்குக் கைமாறும் இடங்களில்தான் பிரச்னை வருகிறது. சக்கரத்திலிருந்து இறக்கைக்கு, இறக்கையிலிருந்து உடலுக்கு, வாலிலிருந்து உடலுக்கு. இந்தப் பாதையில் எங்காவது 2 சதுர சென்டிமீட்டர் பசையை மட்டும் நம்பி ஒரு பலகை நின்றால், அங்கேதான் ஆபத்து.

தடியாக்கினால் போதுமே என்று கேட்கலாம். போதாது. ஒரு இடத்தை மட்டும் இரும்பு மாதிரி விறைப்பாக்கினால், அதைச் சுற்றியுள்ள பளுவையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். அந்த விறைப்பு முடியும் விளிம்பில், அடுத்திருக்கும் மெல்லிய தோலில் விரிசல் விழும். போன மாதம் ஒட்டிய இடம் கல்லு மாதிரி இருக்கும், அதற்கு ஒரு இஞ்ச் தள்ளி உடைந்திருக்கும். ஒட்டுப்போட்டவர்கள் பலருக்கும் பழக்கமான காட்சி இது.

முதலில் பிய்வது லேண்டிங் கியர்

வானத்தில் நடக்கும் சாகசத்தைவிட, தரையைத் தொடும் அந்த ஒரு நொடிதான் பல மாடல்களுக்குக் கண்டம்.

20 கிலோ மாடல் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கீழிறங்கித் தரையைத் தொடுகிறது. சக்கரத்தின் ஸ்பிரிங் 4 சென்டிமீட்டர் அமுங்கி அதை உள்வாங்கினால், சராசரியாக 100 கிலோ அளவுக்கு விசை இறக்கைக்குப் போகும். ஸ்பிரிங் இறுகிப்போய் 1 சென்டிமீட்டர்தான் அமுங்கியது என்றால் அதே இறக்கம் 400 கிலோவாகிவிடும். ஆக, இறக்கையைத் தொடும் முன் கவனிக்க வேண்டியது ஸ்பிரிங்கைத்தான். எண்ணெய் போட்டு, தூசி தட்டி, அது முழுத் தூரமும் அமுங்குகிறதா என்று பார்ப்பது எல்லா ஒட்டுவேலைக்கும் முந்தியது. காசும் ஆகாது.

புல்தரையில் இறங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே சக்கரத்தைப் புல் பின்பக்கமாக இழுக்கும். நீளமான கால், கடப்பாரை நெம்புகிற மாதிரி, தன்னைப் பிடித்திருக்கும் பிளைவுட் பலகையை இறக்கையிலிருந்து நெம்பும். பலகை உடையாது. ஒட்டிய பசை விட்டுக்கொண்டு, பலகை முழுசாகக் கழன்று வரும்.

சரிசெய்வது எப்படி? முதலில் கியரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பலகை சந்திக்கும் மூலைகளில் பசை முழுக்க ஓடியிருக்கிறதா, இல்லை அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஃபைபர் கிளாஸ் பரப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிந்தால், அந்த இடம் ஏற்கெனவே அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சுத்தம். அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் கிளாஸ் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பின் மேல் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஆல்கஹாலோ அசிட்டோனோ வைத்துத் துடைக்க வேண்டும். எரிபொருள் ஊறிய மரம் என்றால் ஒட்டவே கூடாது. அந்தப் பகுதியை வெட்டியெறிந்துவிட்டுப் புது மரம் வைப்பதுதான் வழி. உள்ளே எண்ணெய் இருந்தால் மேலே எவ்வளவு விலை உயர்ந்த பசை போட்டாலும் தண்டம்.

பிறகுதான் பலப்படுத்தல். எபாக்சி பசையில் பொடியாக நறுக்கிய கண்ணாடி இழையையோ, பஞ்சுத் தூளையோ குழைத்து மூலைகளில் விரலால் வழித்துவிடுவார்கள். கூர்மையான மூலை, வளைவான மூலையாகிவிடும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பலகையில் பாதி, இறக்கையின் குறுக்குச் சட்டத்தில் பாதி வருகிற மாதிரி படிய வைப்பார்கள். துணியின் நூல் மூலைக்கு நேராக ஓடாமல் 45 டிகிரி சாய்வாக ஓட வேண்டும். அப்போதுதான் இரு பக்கத்தையும் எல்லா இழைகளும் சேர்த்துப் பிடிக்கும். கியர் பலகையிலிருந்து இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் வரை ஒரு கார்பன் நாடாவையும் ஓட்டிவிட்டால், சக்கரத்தில் விழும் அடி இறக்கையின் பலமான பகுதிக்கே போய்ச் சேரும்.

இறக்கை உடைவது குழாய் முடியும் இடத்தில்

பெரிய மாடல்களில் இறக்கை கழற்றி மாட்டும்படி இருக்கும். இல்லாவிட்டால் வண்டியில் ஏற்ற முடியாது. ஒரு அலுமினியக் குழாயோ கார்பன் குழாயோ உடலைத் துளைத்துக்கொண்டு இரு இறக்கைக்குள்ளும் கொஞ்ச தூரம் போகும்.

குழாய் இருக்கும் வரை கவலையில்லை. அது முடியும் புள்ளியில், அதுவரை குழாய் சுமந்த வளைப்பு விசை சட்டென்று இறக்கையின் தோலுக்கும் ஸ்பாருக்கும் மாற வேண்டும். விரிசல் விழும் இடம் அதுதான். இங்கே அடுக்கடுக்காகத் துணி ஒட்டுவார்கள். ஆனால் எல்லா அடுக்கும் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாது. முதல் அடுக்கு நீளம், அடுத்தது இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. படிக்கட்டு மாதிரி. பலம் படிப்படியாகக் குறைந்து முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

இறக்கை மேல்நோக்கி வளையும்போது அதன் கீழ்ப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுங்கும். கார்பன் இழுவையை அபாரமாகத் தாங்கும். அமுக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. மெல்லிய பட்டை என்றால் உடையும் முன்பே மடிந்துவிடும். அதனால் மேல்பக்கப் பட்டை கொஞ்சம் தடியாக இருக்க வேண்டும். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே மெல்லிய பிளைவுட் சுவர் ஒன்றும் வேண்டும். தண்டவாளத்தின் தலைக்கும் அடிக்கும் நடுவே நிற்கும் அந்த ஒல்லியான பகுதி செய்யும் வேலையை இது செய்யும்.

உடல் பகுதிக்கு உதாரணம் வேண்டுமென்றால் மூங்கிலைப் பார்க்கலாம். உள்ளே வெற்றுக் குழாய். ஆனால் வளைத்தால் நசுங்காது. காரணம், இடையிடையே வரும் கணு. விமான உடலுக்குள் இருக்கும் குறுக்குத் தடுப்புப் பலகைகள் அந்தக் கணுக்கள்தான். டர்பைனை எடுத்து மாட்ட, பேட்டரி மாற்ற என்று உடலில் பெரிய மூடியை வெட்டித் திறக்கிறார்களே, அங்கே மூங்கிலைப் பாதியாகப் பிளந்த மாதிரி ஆகிவிடுகிறது. மூடியின் விளிம்பைச் சுற்றிக் கார்பன் நாடா ஓட்டுவதும், வெட்டு மூலைகளை வட்டமாக்குவதும் இதனால்தான். 1954-ல் காமெட் பயணிகள் ஜெட்கள் இரண்டு வானில் சிதறின. சோதனையில், உலோக உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையருகே விரிசல் தொடங்கியது தெரியவந்தது. மாடலோ, நிஜமோ, மூலை மூலைதான்.

'ர்ர்ர்' என்று சத்தம் வந்தால் சில நொடிகள்தான்

இதுவரை பார்த்தது அடி, பளு. இனி பார்ப்பது அதைவிட மோசமான எதிரி: ஃபிளட்டர். தமிழில் படபடப்பு என்று சொல்லலாம்.

வேகமாகப் போகும் பைக்கில் பின்னால் இருப்பவரின் துப்பட்டா படபடக்கிற மாதிரி, வாலில் இருக்கும் எலிவேட்டரோ இறக்கையில் இருக்கும் ஏலரானோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தானாக அதிர ஆரம்பிக்கும். ஒவ்வொரு அதிர்வுக்கும் காற்றே ஆற்றல் கொடுக்கும். அதிர்வு வளர்ந்துகொண்டே போகும். தரையில் நிற்பவருக்கு 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அடுத்த சில நொடிகளில் வால் இருக்காது. சில நேரம் சத்தமே கேட்காமல் முடிந்துவிடும்.

இதற்கு வில்லன் பெரும்பாலும் 'லொடலொட'தான். சர்வோ மோட்டாரின் கை, இணைக்கும் கம்பி, கீல், வால் இறக்கை சுழலும் அச்சு. இதில் ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் மொத்தமாக விளிம்பில் பல மில்லிமீட்டர் ஆட்டம் வந்துவிடும். விமானம் நிற்கும்போது, சர்வோ இயக்கத்தில் இருக்க, விளிம்பை விரலால் மெல்ல ஆட்டிப் பார்த்தாலே தெரியும். தேய்ந்த இணைப்பை மாற்றுவது, சர்வோ உட்காரும் இடத்தில் தோல் வளையாதபடி உள்ளே பிளைவுட் ஒட்டுவது, கம்பியைத் தடியாக்குவது, அசையும் பாகத்தின் மேல் மெல்லிய கார்பன் துணியை 45 டிகிரியில் ஒட்டி முறுக்கைத் தடுப்பது, இவைதான் மருந்து. கீலுக்கு முன்பக்கம் சின்ன எடை வைத்துச் சமன் செய்வதும் உண்டு.

நிஜ விமானங்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்காவில் 1959 செப்டம்பரில் டெக்சாஸிலும், 1960 மார்ச்சில் இண்டியானாவிலும் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானங்கள் இரண்டு வானிலேயே இறக்கையை இழந்து விழுந்தன. 34 பேர், 63 பேர் என மொத்தம் 97 பேர் உயிரிழந்தனர். இன்ஜினை இறக்கையோடு பிடித்திருந்த அமைப்பின் விறைப்பு குறைந்ததால், புரொப்பல்லரும் இன்ஜினும் தலையாட்ட ஆரம்பித்து, அந்த ஆட்டம் இறக்கைக்கும் தொற்றி அதை ஒடித்தது என்று கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு இன்ஜின் தாங்கிகளையும் இறக்கையையும் பலப்படுத்தினார்கள். விமானம் தொடர்ந்து பறந்தது.

மாடலில் அந்தச் சத்தம் கேட்டால் உடனே வேகத்தைக் குறைத்து, மெதுவாக மேலேற்றி, இறக்கிவிட வேண்டும். இறங்கிய பிறகு 'ஒண்ணும் ஆகலையே' என்று அன்றே மறுபடி பறக்கவிடுவதுதான் பெரிய தப்பு. கீல், சர்வோ பல்சக்கரம், ஒட்டு என எல்லாவற்றையும் திறந்து பார்க்காமல் இன்ஜினைத் தொடக் கூடாது.

எல்லா இடத்திலும் கார்பன் ஒட்டிவிட்டால்?

எடை கூடும். அதுவும் தப்பான இடத்தில் கூடினால் வட்டியோடு கூடும். எடை மையத்திலிருந்து 1.2 மீட்டர் பின்னால் வாலில் 100 கிராம் சேர்த்தால், அதைச் சமன் செய்ய 80 சென்டிமீட்டர் முன்னால் மூக்கில் 150 கிராம் வைக்க வேண்டும். ஒட்டியது 100 கிராம், ஏறியது 250 கிராம்! எடை ஏறினால் இறங்கும் வேகமும் ஏறும். அந்த அடி திரும்ப லேண்டிங் கியருக்குத்தான் போகும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ரிமோட் சிக்னலை மறைத்துவிடும். மூக்குப் பகுதியில் சிக்னல் வாங்கும் ஆன்டெனா இருந்தால், அங்கே கார்பனால் பலப்படுத்துவது வேலியே பயிரை மேய்ந்த கதை. அங்கே கண்ணாடி இழையோ, கெவ்லாரோதான். கெவ்லார் கிழியாது, ஆனால் வெட்டுவதற்குள் கத்தரிக்கோல் மழுங்கிவிடும்.

சூடும் கவனிக்க வேண்டிய விஷயம். அறை வெப்பத்தில் காயும் எபாக்சி பலவும் 50, 60 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். டர்பைன் பக்கம் சொல்லவே வேண்டாம், கறுப்பு பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினாலே அந்தச் சூடு வந்துவிடும்.

மரம் என்றால் பழசு, கார்பன் என்றால் புதுசு என்று நினைப்பதும் சரியல்ல. 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறையிலேயே உருவாக்கிய மாடல் டர்பைனில், காற்றை அழுத்தும் சக்கரம் பிளைவுட்டால் ஆனது. சுழலும் வேகத்தில் சிதறாமல் இருக்க அதைக் கார்பன் இழையால் வலுப்படுத்தியிருந்தார். மரம் வடிவத்தைக் கொடுத்தது, இழை இழுவையைத் தாங்கியது. எந்தப் பொருள் எங்கே என்று தெரிந்து வைத்தால் பிளைவுட்டும் டர்பைனுக்குள் சுழலும்.

பலமாகிவிட்டதா... எப்படித் தெரியும்?

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊருக்கு இது புதிதல்ல. நாணயத்தால் தோலைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டிக் டிக்' என்று வந்த சத்தம் ஒரு இடத்தில் 'பொத்' என்று மாறினால், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. வெளியே பெயின்ட் புத்தம் புதுசாக இருந்தாலும் சரி.

பெரிய ஒட்டுவேலை செய்த இறக்கைக்கு மணல் மூட்டைச் சோதனை உண்டு. மாடலைக் கவிழ்த்து வைத்து, இறக்கைகளின் மேல் நீளவாக்கில் மணல் பைகளைப் பரப்புவார்கள். 6 மடங்கு பளு தாங்குமா என்று பார்க்க 20 கிலோ மாடலுக்கு 120 கிலோ மணல் வேண்டும். ஏற்றும்போது 'கிறீச்' என்று சத்தம் வந்தாலோ, மணலை எடுத்த பிறகு இறக்கை பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலோ அந்த இறக்கை பறக்கத் தகுதியில்லை. செய்ய மனசு வராத சோதனைதான் இது. பல மாதம் உழைத்த பொருள் ஆயிற்றே. ஆனால் உடைவதென்றால் பட்டறையில் உடையட்டும்.

பிரிட்டனில் 25 கிலோவுக்கு மேற்பட்ட மாடல் என்றால் இந்த முடிவை உரிமையாளர் கையில் மட்டும் விடுவதில்லை. விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பெரிய மாடல்களுக்கான சங்கத்தின் ஆய்வாளர்கள், தோல் ஒட்டி மூடும் முன்பே உள்கட்டமைப்பைப் பார்ப்பார்கள். பிறகு சோதனைப் பறத்தல். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோ வரை எடையுள்ள, பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கும் மாடல்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஒட்டை யார் பார்ப்பது? கட்டியவரேதான்.

அதற்கு அனுபவசாலிகள் வைத்திருக்கும் கருவி, ஒரு பென்சில். தோலில் மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தால், அது பெயின்ட்டில் விழுந்த கீறலா, உள்ளே இறங்கிய விரிசலா என்று வெறும் கண்ணால் சொல்வது கஷ்டம். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. பெயின்ட்தான் என்று தோன்றினாலும் கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்திலேயே தேதியை எழுதிவிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எரிபொருள் நிரப்பும் முன் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால், ஜெட் திரும்ப வண்டியில் ஏறும்.